பத்துச் சொல்லில் வளையம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பி,

நான் நலம், நீயும் நலம்தானே என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலை இல்லாமல் அக்கா கடிதம் போட மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அந்தப் பெயரையாவது காப்பாற்றிக்கொள்கிறேன்.

எங்கள் அகராதி ஒருவழியாக 'வ' வரைக்கும் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது 'ச'வில் இருந்தது. இந்த மாதம் என் தலையில் விழுந்த சொல் 'வளையம்'. அரை நாள் வேலை என்று நினைத்து, 'வட்ட வடிவமான பொருள்' என்று எழுதிக்கொண்டு போனேன். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "தட்டும் வட்டமாத்தான் இருக்கு. தட்டு வளையமா?" என்றார். நடுவில் வெற்றிடம் உள்ளது என்று சேர்த்தேன். "அப்ப கிணறு?" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தவள்தான், பத்து நாளாக எழுந்திருக்கவில்லை.

விரலில் போட்டால் மோதிரம். கையில் போட்டால் வளையல். காதில் தொங்கினால் மட்டும் வளையம். சாவி கோக்கிற வளையம், திரைச்சீலையை மாட்டும் வளையம், சர்க்கஸில் நாய் பாயும் வளையம், குழந்தை பல் முளைக்கும்போது கடிக்கும் வளையம், மரத்தை அறுத்தால் தெரியும் வளையம், மந்திரி வந்தால் போலீஸ் நிற்கும் வளையம். இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே கிடைக்கிறது. உன் மாமாவின் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அதை அகராதியில் சேர்க்க அவர் அனுமதி தரவில்லை.

எனக்கு வேண்டியது உன் படகுத்துறை. அங்கே எந்தப் பொருளை வளையம் என்கிறார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று எழுது. நாமாக ஜோடித்த வாக்கியம் செல்லாது. ஒருவர் உண்மையிலேயே சொன்னதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும். தேதியும் தொழிலும் போட வேண்டும். தொலைபேசியில் சொன்னால் கணக்கில் வராது, எழுத்தில் வேண்டும். பத்துச் சொல்லுக்கு மேல் போனால் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார். அதனால்தான் அவருக்கு எங்கள் அறையில் 'கத்தரி' என்று பெயர். அவருக்கும் தெரியும்.

எதற்கும் முந்திக்கொண்டு ஓடுவாயே, முந்திரிக்கொட்டை, இதற்கும் ஓடி வா.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து மாதம் கழித்து வந்த கடிதத்தை ஆவலாகப் பிரித்தால், உள்ளே எனக்கு வீட்டுப்பாடம். இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. எந்திரம் ஓடாவிட்டால் மட்டும்தான் என் ஞாபகம் வரும்.

முதலில் எது வளையம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். எந்திரத்துக்குள் இருப்பது 'ரிங்கு'. "ரிங்கு போச்சு" என்றுதான் சொல்வோம். நான் போய் "வளையம் தேய்ந்துவிட்டது" என்று சொன்னால் படகோட்டி என்னை மேலும் கீழும் பார்ப்பார். குழாய்க்கு நடுவே வைப்பது வாஷர். அதையும் விட்டுவிடு.

துறைச் சுவரில் பதித்திருக்கும் இரும்பு வளையம் உண்டு, படகைக் கட்டுவதற்கு. "கயித்த வளையத்துல மாட்டு, என் கழுத்துல மாட்டாத" என்று படகோட்டி நேற்றுத்தான் கத்தினார். அதை எழுதிக்கொள். பீடியை இழுத்து அவர் விடும் புகை வளையமும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று விடுவார். என் வீட்டுக்காரி போன வாரம் சொன்னது: "உங்க கண்ணுக்குக் கீழ வளையம் விழுந்துருச்சு." இதற்குத் தொழில் என்ன என்று போடுவாயோ தெரியவில்லை.

ஆனால் எங்கள் துறையில் 'வளையம்' என்று தனியாகச் சொன்னால் ஒன்றே ஒன்றுதான். கம்பியழியில் மாட்டியிருக்கும் மிதவை. தண்ணீரில் விழுந்தவருக்குத் தூக்கிப் போடுவது. எட்டு இருக்கிறது, வெள்ளையும் சிவப்பும். இருக்கிறது என்று சொல்லக் கூடாது, இருக்கப் பாடுபடுகிறது. வாரத்துக்கு ஒன்று காணாமல் போகும். ஒன்றை நானே ஒரு வீட்டு வாசலில் பூச்செடிக்கு வேலியாகப் பார்த்தேன். மேலாளர் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் முறைப்பார், நான் வீட்டுக்கு எடுத்துப் போனது போல.

இப்போது அதற்கும் வழி பண்ணிவிட்டேன். மேலாளரிடம் நான்தான் யோசனை சொன்னேன், முதலில் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார், எட்டு வளையங்களையும் கம்பியால் இறுகக் கட்டிவிட்டேன், இனி ஒருத்தனும் தூக்கிக்கொண்டு போக முடியாது. குறடு வைத்து ஆறு முறுக்கு. பார்த்துவிட்டு மேலாளரே, "மூளை இருக்குய்யா உனக்கு" என்றார். இந்தத் துறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், இதுதான் முதல் தடவை.

மாமாவையும் இடுப்பையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை அலுவலகத்தில் உரக்கப் படித்தேன். புகை வளையத்துக்குக் கத்தரியே சிரித்தார். உன் வீட்டுக்காரி சொன்னது, படகோட்டி சொன்னது, நீ மிதவையைப் பற்றி எழுதியது, மூன்றும் அட்டை ஏறிவிட்டன. இங்கே பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. யாரும் பார்த்து எழுதுவதில்லை. எழுதினால் கை தவறும் என்று, வாக்கியத்தையே கத்தரித்து அட்டையில் ஒட்டிவிடுவோம். உன் கடிதத்தில் இப்போது மூன்று ஜன்னல் இருக்கிறது. மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு சேதி. புத்தகம் வருவதற்கு முன் 'வ'வில் இருந்து முப்பது பக்கத்தை மாதிரிக்கு அச்சடித்து, நூலகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கப் போகிறோம். 'வளையம்' அதில் வருகிறது. உன் தொழில் பெயரும் வரும். அனுப்பும் பட்டியலில் உங்கள் துறை அலுவலகத்தையும் சேர்த்துவிட்டேன். என் தம்பி அகராதியில் இருக்கிறான் என்று அங்கேயும் நாலு பேருக்குத் தெரியட்டுமே.

ஒன்று கேட்க மறந்தேன். குறடு வைத்து ஆறு முறுக்கு முறுக்கினால், அவசரத்துக்கு எப்படி எடுப்பாய்? எனக்குத் தெரியாத தொழில், அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கையில் கட்டுப் போட்டிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பதினேழாம் தேதி காலை எட்டு மணிப் படகில் ஏற ஒரு தையல்காரர் வந்தார். தினமும் அந்தப் படகில் அக்கரைக்குப் போகிறவர். என் சட்டைக்குக்கூட ஒருமுறை காலர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பலகையில் கால் வைக்கும்போது படகு விலகிவிட்டது. தூண்களுக்கு நடுவே விழுந்தார். நீரோட்டம் அங்கேதான் அதிகம். நான் முப்பதடி தள்ளி இரண்டாம் படகின் எந்திரத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஓடி வந்தேன்.

வளையம் வரவில்லை. குறடு கொட்டகைக்குள் இருந்தது. ஒருவர் கயிறு போட்டார், எட்டவில்லை. நான் கையாலேயே முறுக்கைப் பிரித்தேன், பிறகு யாரோ சுத்தியல் கொண்டுவந்து கொடுத்தார்கள், உடைத்துப் போட்டேன். போட்ட இடத்தில் ஆள் இல்லை. மத்தியானம் கீழ்த்துறையில் எடுத்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தின் சார்பில் ஒரு மலர் வளையம் வைக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். யாரை அனுப்பினார் தெரியுமா? என்னைத்தான். இரண்டு கையிலும் கட்டோடு பூக்கடையில் போய் நின்றேன். "சின்னதா பெருசா?" என்று கடைக்காரர் கேட்டார். பெரிதாக வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன், வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விசாரணை வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். மேலாளர் தனக்கு ஒன்றுமே தெரியாது, கம்பி கட்டியதையே அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எப்படி இருக்கிறது பார். மேலாளர் சொல்லித்தான் நான் கட்டினேன் என்பது உனக்கே தெரியும்.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன், பிறகு வீட்டில் மறுபடி படித்தேன். உன் மாமாவும் படித்தார். அந்த மனுஷரை எனக்கு முகம்கூடத் தெரியாது, ஆனாலும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன்னை நினைத்தால் அதற்கு மேல்.

நான் புறப்பட்டு வரவா? வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வேறொன்றும் செய்யத் தெரியாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். கையைத் தண்ணீரில் நனைக்காதே. சீழ் வைத்தால் உடனே டாக்டரிடம் போ. நீ போக மாட்டாய், உன் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல். கடைசியில் எழுதியிருக்கிறாயே, மேலாளர் சொல்லித்தான் என்று, அதைப் பற்றி நேரில் பேசலாம்.

இங்கே மாதிரிப் பக்கங்களின் அச்சுப்படி வந்து குவிந்து கிடக்கிறது. திருத்திக் கொடுத்தே ஆக வேண்டும். மனசு அதில் இல்லை, கை மட்டும் ஓடுகிறது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

உங்கள் மாதிரிப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. நல்ல தாள், நல்ல அச்சு. மேலாளர் அதை விசாரணை அதிகாரி முன்னால் கொண்டுபோய் விரித்து வைத்தார். பதினான்காம் பக்கம். 'வளையம்', பொருள் ஏழு. நீ படித்திருப்பாய், ஆனாலும் எழுதுகிறேன்: "எட்டு வளையங்களையும் கம்பியால் இறுகக் கட்டிவிட்டேன், இனி ஒருத்தனும் தூக்கிக்கொண்டு போக முடியாது." அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், கடிதம், படகுத்துறைப் பழுதுபார்ப்பவர், ஜனவரி 21.

இந்தத் துறையில் பழுதுபார்ப்பவன் நான் ஒருவன்தான்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இது நீங்க எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் நான் என்ன சொன்னாலும் அவர் பேனாவை எடுக்கவில்லை. மேலாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வந்ததும் படகோட்டிகூட என் பக்கம் பார்க்காமல் போனார். திருடன் மாட்டிக்கொண்டு பெருமையடித்த மாதிரி இருக்கிறது அந்த வரி. செத்தவர் வீட்டில் படித்தால் என்ன நினைப்பார்கள்?

மேலாளரைப் பற்றி நான் எழுதியது எங்கே போயிற்று? அதை ஏன் வெட்டினாய்? பத்துச் சொல்லாம். ஒரு மனுஷன் வேலை போகிறது, மானம் போகிறது, நீ சொல்லை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். என் கடிதத்தில் ஜன்னல் வெட்ட யார் உன்னைக் கேட்டது?

அடுத்த விசாரணை மே ஐந்தாம் தேதி. மீதிக் கடிதம் உன்னிடம் இருக்கிறது என்றாயே, அதை அனுப்பு. மேலாளர்தான் கட்டச் சொன்னார் என்று அதில் இருக்கிறது. காட்டுகிறேன். அதோடு உன் பாட்டுக்கு நீ அகராதி பார், என்னை விட்டுவிடு.


ஏப்ரல் 4

தம்பிக்கு,

தப்பு என்னுடையது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் வாக்கியத்தை வெட்டியது கத்தரி இல்லை, நான்தான். மொத்தம் இருபது சொல் இருந்தது. முன்பாதியை எடுத்துவிட்டால் பின்பாதி சரியாகப் பத்து. எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இந்த வேலையில் அப்படி அமைவது அபூர்வம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. உன் 24ஆம் தேதிக் கடிதம் வந்தபோது அந்தப் பதினான்காம் பக்கம் என் மேசையில் இருந்தது. நீ எழுதியதைப் படித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பக்கத்தை எடுத்துத் திருத்தினேன். உன் வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டேன். அது என்ன சொல்கிறது என்று பார்க்கவே இல்லை. பதினாறு வருஷம் இந்த வேலை செய்தால் கண் இப்படி ஆகிவிடுகிறது போலிருக்கிறது. எழுத்து தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான், பெருமைக்கு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஆவி காட்டி அட்டையிலிருந்து மூன்று துண்டுகளையும் உரித்தேன். பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டி, உன் கடிதத்தில் பழைய இடத்தில் பொருத்தினேன். முழுதாக இருக்கிறது. வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தேன்.

தம்பி, அதில் மேலாளர் கட்டச் சொன்னார் என்று இல்லை. 'மேலாளரிடம் நான்தான் யோசனை சொன்னேன்' என்று இருக்கிறது. அவர் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார். மூளை இருக்கிறது என்று பாராட்டினார். இதுதான் உன் கையெழுத்தில் இருப்பது.

இது கிழிந்து போய்விட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் மாமா, "எழுதிரு, புண்ணியமாப் போகட்டும்" என்றார். என்னால் முடியவில்லை. தனக்கு ஒன்றுமே தெரியாது என்று மேலாளர் சொல்வது பொய் என்பதற்கும் இந்த ஒரு தாள்தான் சாட்சி. அதில் அவரும் இருக்கிறார், நீயும் இருக்கிறாய். ஒருவரை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டேன்.

இத்துடன் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பிப்ரவரியில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன், அவசரத்துக்கு எப்படி எடுப்பாய் என்று. நீ பதில் எழுதவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. என் தொழில் இல்லையே என்று விட்டுவிட்டேன். அதுவும் என் கணக்கில் இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

தபால் வந்தது. படித்தேன்.

நான் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் மனசில் அப்படித்தான் இருந்தது. அவர் சரி என்று சொன்னார், அவர் மேலாளர், அவர் சரி சொன்னால் அது உத்தரவு. பதினேழாம் தேதிக்கு அப்புறம் தினமும் அதையே நினைத்து நினைத்து, அவரே என்னைக் கூப்பிட்டு 'கட்டு' என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவர் நின்ற இடம், போட்டிருந்த சட்டை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தாளில் பார்த்தால் இல்லை.

உன் கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது. பிப்ரவரி எட்டாம் தேதி. படித்துவிட்டுச் சிரித்தேன். அக்காவுக்குத் துறையைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். கொட்டகையில் இருக்கும் குறட்டை அழியில் தொங்கவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அன்றைக்கு எந்திரம் ஒன்று மக்கர் பண்ணியது, மறந்துவிட்டேன்.

இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு உதவி செய். உங்கள் அலுவலகத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடு, மூலக் கடிதம் தொலைந்துவிட்டது, வெட்டிய பகுதியில் மேலாளரின் உத்தரவு பற்றி இருந்ததாக நினைவு என்று. நீ அகராதிக்காரி, நீ சொன்னால் நம்புவார்கள். எனக்கு வேலை போனால் இந்த வயதில் யார் எடுப்பார்கள்? எனக்கு இந்தத் துறையைத் தவிர ஒன்றும் தெரியாது.

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

எழுதித் தர மாட்டேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று. நீ பத்து வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்தபோது நான் உடைத்தேன் என்று சொல்லி அடி வாங்கியவள்தான் நான். அது ஜாடி.

அதே சமயம், கடிதத்தைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடம் நானாகக் கொடுக்கவும் மாட்டேன். நகல்கூட எடுக்கவில்லை, வேண்டுமென்றே எடுக்கவில்லை. இருப்பது உன்னிடம் உள்ள ஒன்றுதான். அதைக் கிழித்துப் போட்டால் கேட்க ஆள் இல்லை, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் உனக்காகப் பொய்யாக ஒரு சொல்லும் எழுத மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று உன் மாமா கேட்கிறார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

வேலை போனால் இங்கே வாருங்கள். மாடி அறை சும்மாத்தான் கிடக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எத்தனை நாள் இருந்தாலும் எனக்குப் பாரம் இல்லை. என் மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு வா.

மாதிரிப் பக்கங்களில் பதினான்காம் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு அச்சடிக்க வேண்டும் என்று கத்தரியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் கோபப்பட நேரம் இல்லை. இந்தக் கடிதத்தில் கத்தரி வைக்காதே, முழுதாகப் படி.

ஐந்தாம் தேதி விசாரணைக்குக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். காட்டுவதா வேண்டாமா என்று உள்ளே போகும்வரை முடிவு பண்ணவில்லை. நீண்ட மேசை, ஒரு முனையில் அதிகாரி, மறுமுனையில் மேலாளர், நடுவில் நான். சுவரோரம் ஒரு நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கும்போதுதான் தெரிந்தது, தையல்காரரின் மனைவி. முதல் விசாரணைக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லையாம்.

மேலாளர்தான் முதலில் பேசினார். அந்தப் பயணி அவசரப்பட்டுப் படகுக்குத் தாவினார், விழுந்த உடனே மூழ்கிவிட்டார், வளையம் கையிலேயே இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் செய்த தப்புக்குத் தான் வெட்கப்படுவது மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவர் தாவவில்லை, அக்கா. பலகையில்தான் கால் வைத்தார். உடனே மூழ்கவும் இல்லை.

கடிதத்தை எடுத்து நானே வாசித்தேன். 'நான்தான் யோசனை சொன்னேன்' என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தேன். நீ ஒட்டிய இடத்தை அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். மேலாளரிடம், "சரின்னு சொன்னீங்களா?" என்றார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சொல்லியிருக்கலாம் என்றார். பிறகு உன் கேள்வியையும் சொன்னேன். எட்டாம் தேதியே எனக்கு வந்தது, பதினேழாம் தேதிவரை ஒன்பது நாள் இருந்தது என்று சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நேற்று உத்தரவு வந்தது. எனக்கு வேலை இல்லை. மேலாளருக்கும் இல்லை. படகோட்டி வந்து என் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். எட்டு வளையங்களும் இப்போது வெறும் கொக்கியில் தொங்குகின்றன.

இன்று காலை அந்த வீட்டுக்குப் போனேன். வாசலோடு திரும்பக் கூடாது என்று கதவைத் தட்டினேன். முன்னறையில் தையல் எந்திரம் அப்படியே இருந்தது. தைத்து முடித்த துணிகள் சீட்டு குத்தி வரிசையாகத் தொங்கின, வாங்கிப்போக ஆள் வரவில்லை போலிருக்கிறது. அந்த அம்மா உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார்.

நாலு நிமிஷம் என்றேன். சீட்டுக் கொடுப்பவர் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.

"நாலு நிமிஷமும் மேல இருந்தாரா?"

"மூணு நிமிஷம் இருந்தார். தூணைப் புடிச்சிக்கிட்டு இருந்தார். பாசி புடிச்ச தூணு, வழுக்கிருச்சு."

"ஏதாவது சொன்னாரா?"

இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. உனக்கும் நான் எழுதவில்லை, என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளையத்தப் போடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு. நான் கையால கம்பியப் பிச்சிக்கிட்டு இருந்தேன், ரத்தம் வந்துச்சு. அதப் பாத்துட்டு, மெதுவா, கை கிழியுது பாருங்கன்னு சொன்னாரு. அதுதான் கடைசி."

அந்த அம்மா தொங்கிய துணி ஒன்றின் சீட்டைச் சரிசெய்தார். பிறகு, "அவர் அப்படித்தான் பேசுவார்" என்றார். ஒரு நொடியில் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தாவினார் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டரை மாதமாகப் பொழுது விடிந்தால், பொறுத்துப் போயிருக்கக் கூடாதா என்று செத்தவரைத் திட்டிக்கொண்டே இருந்தாராம்.

நான் புறப்பட்டேன். வாசல்வரை வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நாளைக்கும் வாங்க" என்றார். "மொதல்ல இருந்து சொல்லுங்க. நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல இருந்தீங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் மாடி அறைக்கு இப்போது வர முடியாது, அக்கா. நாளைக்குப் போக வேண்டும். அதற்கு மறுநாளும் கூப்பிட்டால் போக வேண்டும்.

தம்பி